திமிலும் திமிரும்

"கலித்தொகையிலே இருக்கிறது, ஆகவே கை வைக்காதீர்!" என்று முழங்குகிறார் ஒருவர். "காளைக்கு வலிக்கிறது, ஆகவே கதவைச் சாத்துங்கள்!" என்று கதறுகிறார் இன்னொருவர். முன்னவர் மார்பிலே கை வைத்துப் பேசுகிறார். பின்னவர் சட்டப் புத்தகத்தின்மீது கை வைத்துப் பேசுகிறார். திமிலிலே கை வைத்தவன் மட்டும் பேசவில்லை. பேச வா என்று அவனை எவரும் அழைக்கவுமில்லை!

நாம் வாழும் சின்னாளப்பட்டி, தறிக்குப் பெயர்பெற்ற ஊர். சுங்குடிச் சேலையும் சின்னாளப்பட்டும் இவ்வூரின் பெயரை எட்டுத் திக்குக்கும் எடுத்துச் சென்றன. காளைகள் எடுத்துச் சென்றதில்லை. ஆயினும் சிறுமலையைச் சுற்றிக்கொண்டு நத்தம் சாலைப் பக்கம் போனால் புகையிலைப்பட்டி, தவசிமடை, கொசவபட்டி என்று வாடிவாசல் ஊர்கள் வரிசையாக வரும். தெற்கே இறங்கினால் பாலமேடு, அலங்காநல்லூர், அவனியாபுரம். தை பிறந்துவிட்டால் தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும் கால் தரையிலே பாவாது. வகுப்பறையின் கடைசி வரிசை எந்த நாளில் காலியாகிறது என்பதை வைத்தே, அன்று எந்த ஊரில் வாடி திறந்திருக்கிறது என்று நாம் கணித்துவிடலாம்! எனவே இது நமக்கு ஏட்டுக் கேள்வி மட்டுமன்று. வருகைப் பதிவேட்டுக் கேள்வியுங்கூட.

பழையது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்று மேடைதோறும் பேசுகிறோம். குழந்தை மணம் பழையது. உடன்கட்டை பழையது. தீண்டாமையோ பழமையிலும் பழமை! அவற்றையெல்லாம் எந்த அளவுகோலால் அளந்தோமோ, அந்த அளவுகோலை, நமக்குப் பிடித்தமான ஒன்று எதிரே வரும்போது மட்டும் மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொள்ளலாமா? வைதிகர் "வேதத்தில் உள்ளது" என்றால் நகைக்கிறோம். நம்மவர் "கலியில் உள்ளது" என்றால் கை தட்டுகிறோம். இது நேர்மையாகுமா, தோழர்களே? ஏறு தழுவுதல் நல்லதென்றால் அதன் நன்மையைக் கொண்டு நல்லதென்று காட்டவேண்டும். தீதென்றால் அதன் தீமையைக் கொண்டு காட்டவேண்டும். வயதைக் காட்டுவது வாதமாகாது.

வயது உண்டு, மறுப்பாரில்லை. முல்லைக்கலியின் 17 பாடல்களைச் சோழன் நல்லுருத்திரன் பாடியன என்பர். அவற்றுள் முதல் 7 பாடல்கள் ஏறு தழுவுதலையே பொருளாகக் கொண்டவை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலும் ஏறுகள் வருகின்றன. அவற்றை அடக்குவோரை மணக்கக் காத்திருக்கும் ஆயர் மகளிர் வருகின்றனர். மொகஞ்சதாரோ முத்திரை ஒன்றிலே மனிதரைத் தூக்கி எறியும் விலங்கைக் கண்டு, அதனைக் காளை விரட்டும் காட்சி என்று ஐராவதம் மகாதேவன் கொண்டார். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட கல்லூத்து மேட்டுப்பட்டியிலே, தனியொருவன் காளையை மறிப்பதுபோன்ற பாறை ஓவியம் இருக்கிறது. இத்தனையும் இருக்கட்டும். பெருமைப்படுவோர் அந்தப் பாடல்களைப் படித்தார்களா என்பதே நமது ஐயம்!

படித்திருந்தால் ஒன்றைக் கண்டிருப்பர். அந்தப் புலவன் எதையும் மூடி மறைக்கவில்லை. நீர்த்துறையையும் ஆலமரத்தையும் தொழுதுவிட்டு இளைஞர்கள் தொழுவுக்குள் பாய்கின்றனர். பரண்மேல் பெண்கள் நின்று பார்க்கின்றனர். கொம்பு சீவிய ஏறுகள் வெள்ளையும் கருமையும் சிவப்புமாகச் சுழல்கின்றன. வயிறு கிழிந்து குடல் சரிந்தவனையும் அவன் பாடுகிறான், திமிலைப் பற்றித் தொங்கியவனையும் பாடுகிறான். களம் முழுவதும் குருதி! வெற்றியை மட்டும் பாடிவிட்டு விழுந்தவனை விட்டுவிடும் இன்றைய விழா மேடைப் பேச்சாளரைவிட அவன் எவ்வளவோ நேர்மையானவன்.

இன்னொன்றும் கண்டிருப்பர். பந்தயம் பெண்! எந்த ஏற்றை எவன் அடக்குகிறானோ, அந்த ஏற்றுக்குரிய பெண் அவனுக்கு. சில பாடல்களிலே அவள் மனம் ஒருவனை முன்னரே நாடியிருக்கிறது என்பது உண்மை. ஆயினும் தீர்ப்பு அவள் நாவிலே இல்லை, காளையின் கொம்பிலே இருக்கிறது. அவன் வழுக்கி விழுந்தால் அவள் காதலும் விழவேண்டியதுதான். கொம்புக்கு அஞ்சியவனை மறுபிறப்பிலும் அணையமாட்டாள் என்று பேச்சு வேறு! அப்படிப் பேசவும் அவளைப் பழக்கினர்.

இன்று யாராவது மாடு பிடித்தவனுக்கு மகளைக் கொடுக்கிறேன் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் என்ன நடக்கும்? ஊர் சிரிக்கும், காவலர் வருவர். பெண் பரிசாக இருந்த இடத்திலே காசு வந்தது. கொம்பிலே கட்டிய சல்லிக்காசு முடிப்பே சல்லிக்கட்டு என்ற பெயரைத் தந்தது என்பர். காசு போய்த் துண்டும் வேட்டியும் வந்தன. அண்டாவும் மிதிவண்டியும் வந்தன. இன்று பெரிய களங்களிலே மகிழுந்தே நிற்கிறது. மரபின் உயிர்நாடியாக இருந்த ஒன்றை, பெண்ணைப் பரிசாக வைத்த அந்த ஏற்பாட்டை, அடியோடு பெயர்த்தெறிந்தோமே, அன்று பண்பாடு செத்துவிட்டதா? ஒருவரும் ஒப்பாரி வைக்கவில்லையே! "ஒரு துரும்பையும் அசைக்காதே" என்பவர்கள், தூணையே அசைத்த பிறகு எஞ்சியதன்மீது நின்றுகொண்டுதான் பேசுகின்றனர். ஆகவே இந்த வழக்கத்தை மாற்றலாமா என்ற கேள்விக்கு வரலாறே விடை சொல்லிவிட்டது. எதை மாற்றுவது, யாருக்காக மாற்றுவது என்பனவே மிஞ்சியிருக்கின்றன.

இடையே ஒரு சொல். சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியது 1887-இல். அதற்கு முன்னர் அந்த ஏடு எத்தனை பேர் கையிலே இருந்திருக்கும்? வாடியிலே நின்ற உழவனும் ஆயனும் நல்லுருத்திரனைக் கேள்விப்பட்டவர்களல்லர். முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டு மாடு விட்டனர். நமது திண்டுக்கல் பக்கத்திலே அந்தோணியார் திருநாளிலும் செபஸ்தியார் திருநாளிலும் மாடு விடுகின்றனர். கோயில் மாடு எந்தக் கோயிலதாக இருந்தாலும் முதலிலே அவிழ்த்துவிடப்படும். கடவுள் மாறியிருக்கிறார், காளை மாறவில்லை! பாடலை வைத்துப் பெருமை பேசுவது படித்த நாம் பின்னாளிலே போட்ட மாலை. விளையாட்டு அந்த மாலையில்லாமலே வாழ்ந்திருக்கிறது. ஆகவே மாலையைக் கழற்றிவிட்டு விளையாட்டைப் பார்ப்பதே முறை.

பிற நாட்டாரும் காளையோடு மல்லாடியிருக்கின்றனர். கிரேத்தா தீவின் நோசோஸ் அரண்மனைச் சுவரிலே, பாய்ந்துவரும் காளையின் முதுகுக்கு மேலே ஒருவன் கரணம் அடிக்கிறான். ஸ்பெயினிலே காளைப்போர் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. குதிரைமேல் அமர்ந்து ஈட்டியால் குத்துபவன், முள்முனைக் குச்சிகளைச் செருகுபவன், இறுதியிலே சிவப்புத் துணியும் வாளுமாக வருபவன் என்று ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஊதியம். 18-ஆம் நூற்றாண்டினரான பெத்ரோ ரொமேரோ, வாழ்நாளில் 5,000-க்கு மேற்பட்ட காளைகளைக் கொன்றும் ஒரு காயமும் படாதவர் என்பர். மனோலெத்தே என்ற மாவீரருக்கு அந்தப் பேறு இல்லை. 1947 ஆகஸ்டிலே லினாரெஸ் களத்தில் அவர் வாளைப் பாய்ச்சிய அதே நொடியில் காளை அவர் தொடையைக் கிழித்தது. மறுநாள் விடியலில் மாண்டார். நாடே அழுதது. காளையும் அன்றே செத்திருந்தது. அதற்காக அழுதவர் யார்?

போர்த்துக்கல்லிலே வேறொரு வகை உண்டு. எண்மர் வரிசையாக நின்று, படைக்கலம் ஏதுமின்றி, பாய்ந்துவரும் காளையை மார்பிலே ஏந்திப் பிடித்து நிறுத்துகின்றனர். நம் ஊர்க்காரன் அதைப் பார்த்தால் உறவு கொண்டாடுவான். வெறுங்கை! நமது விளையாட்டின் பெருமை முழுவதும் அந்த ஒரு சொல்லிலே அடங்கியிருக்கிறது. கொல்லுதல் என்று நம் முன்னோர் பெயரிடவில்லை, அடித்தல் என்றும் பெயரிடவில்லை, தழுவுதல் என்றனர். மாடு வீடு திரும்பவேண்டும். மறுநாள் அதற்குத் தவிடும் பருத்திக்கொட்டையும் வைக்கவேண்டும். பெயரிலேயே ஒரு நெறி இருக்கிறது. அந்த நெறியால் இன்றைய களத்தை அளப்போமே! ஒரு மாட்டின்மீது இருபது பேர் விழுந்து அமுக்குவது தழுவுதலா? வாலைப் பிடித்து முறுக்குவது எந்த வகைத் தழுவல்? கண்ணிலே மிளகாய்ப் பொடி தூவி, வாயிலே சாராயம் ஊற்றி விரட்டியதாக விலங்கு நல வாரியத்தார் நீதிமன்றத்திலே அறிக்கைமேல் அறிக்கையாக வைத்தனரே, அதற்கு என்ன பெயர் சூட்டுவது? எங்கோ சிலர் செய்தது என்பர். அந்தச் சிலரைக் களத்தைவிட்டு விரட்ட எத்தனை ஊரார் கை ஓங்கினர்?

சீர்திருத்தம் செய்தால் விளையாட்டு அழிந்துவிடும் என்று ஸ்பெயினிலும் அலறினர். 1567-இலேயே போப் ஐந்தாம் பயஸ், காளைப்போரைப் பேணும் மன்னரையும் சமயத்திலிருந்து விலக்குவதாக ஆணையிட்டார்; மன்னர்கள் அசையவில்லை. ஈட்டிக்காரன் ஏறிவரும் குதிரைகள் வயிறு கிழிந்து களத்திலேயே சாவது நெடுநாள் வழக்கம். 1928-இலே குதிரைக்கு மெத்தைக் கவசம் கட்டாயமாயிற்று. 2010-இலே கட்டலோனியச் சட்டமன்றம் காளைப்போரையே தடை செய்தது. 2016-இலே ஸ்பெயினின் அரசியல் சட்ட மன்றம் அந்தத் தடையை நீக்கிற்று. கொலம்பியா நாடோ 2024-இலே தடைச் சட்டம் இயற்றி, 2027 முதல் அது நடைமுறைக்கு வரும் என்று கெடு வைத்தது. கடல் கடந்த நாடுகளிலும் இதே வழக்கு, இதே இழுபறி!

நம் நாட்டிலே அது நடந்த விதம் தெரிந்ததே. 2006-இலே உயர்நீதி மன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. காளை முட்டி மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தையும் அந்த வழக்கிலே நின்றார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 2009-இலே தமிழக அரசினர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தனர். 2011-இலே மத்திய அரசு, காட்சிக்கு விடக்கூடாத விலங்குகளின் பட்டியலிலே காளையைச் சேர்த்தது. 2014 மே 7-ஆம் நாள் உச்சநீதி மன்றம் முற்றாகத் தடுத்தது. காளை அச்சத்தால் ஓடும் இயல்புடையது, அந்த அச்சத்தையே விளையாட்டாக்குவது கொடுமை என்றது அந்தத் தீர்ப்பு. 2017 சனவரியிலே மெரினா மணலிலும் மதுரைத் தமுக்கத்திலும் இளைஞர் திரண்டனர்; அவசரச் சட்டம் வந்தது, பின் 23-ஆம் நாள் சட்டமன்றத்திலே சட்டமாயிற்று. 2023 மே 18-ஆம் நாள், ஐவர் கொண்ட அரசியல் சட்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இது பண்பாடா அல்லவா என்று முடிவு செய்யவேண்டியது சட்டமன்றமே என்று ஒதுங்கிக்கொண்டது. 2024 சனவரியிலே அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையிலே அரங்கமே எழுந்துவிட்டது.

கருணை பேசியவர்களை நோக்கியும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. 1974-இலே தமிழகச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996-இலே உச்சநீதி மன்றம், குதிரைப் பந்தயம் சூதன்று, திறமை விளையாட்டு என்று கூறிவிட்டது. சவுக்கடி பட்டு ஓடும் குதிரைக்கு வலிப்பதில்லை போலும்! சீமான்கள் தொப்பியணிந்து பார்த்தால் திறமை. உழவன் துண்டு கட்டிக்கொண்டு பார்த்தால் கொடுமை. இந்த ஓரவஞ்சனையைக் கண்டு கொதித்தவர்களோடு நாமும் கொதிக்கிறோம். ஆனால் அவன் வீட்டிலே அழுக்கிருக்கிறது என்பது நம் வீட்டைக் கூட்டாமலிருக்கக் காரணமாகாது.

மெரினாவிலே இரவெல்லாம் விழித்திருந்த இளைஞர்களுள் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் திமிலைத் தொட்டவர்களல்லர். நம்மைக் கேளாமல், நம் வாழ்வைப்பற்றி, எங்கோ முடிவு செய்கிறார்களே என்ற சினம் அவர்களை அங்கே அமர்த்திற்று. அந்தச் சினத்திலே நியாயம் இருந்தது. பெண்கள் அச்சமின்றி அங்கே தங்கினர் என்பது தனிச் சிறப்பு. முல்லைக்கலியிலே பரண்மேல் நின்றவள், இங்கே மணலிலே அமர்ந்து முழக்கமிட்டாள்! இருந்தாலும் உரிமை பெறுவது ஒன்று, பெற்ற உரிமையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது வேறொன்று. தடை நீங்கியதும் நம்மவர் கேள்விகளையும் சேர்த்து அவிழ்த்து விட்டுவிட்டனர்.

நமக்குள்ள கேள்வி இது: ஆபத்தை ஏற்பவன் யார், புகழைப் பெறுபவன் யார்?

நம்மிடம் படித்த ஒருவனைப்பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். குழித்தறி நெய்யும் வீட்டுப் பிள்ளை. பத்தாம் வகுப்போடு நின்றவன், நல்ல ஓட்டக்காரன். ஒரு மாசி மாதம் பக்கத்து ஊர் வாடியிலே இரண்டு மாடு பிடித்தான். மூன்றாவது மாடு நின்று சுற்றும் வகை. அவன் திமிலுக்குத் தாவியபோது அது திரும்பிவிட்டது. கொம்பு வலது தொடையிலே நான்கு விரல் ஆழம் இறங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். ஆனால் குழித்தறி என்பது கையால் மட்டும் நெய்வதன்று. குழிக்குள்ளே காலை விட்டு, மிதியை மாறிமாறி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். தொடை வலுவிழந்தவனுக்கு மிதி இறங்குமா? ஏழு மாதம் அந்தத் தறி நின்றது. தந்தை கூலிக்கு வேறு தறி தேடினார். தாய் வட்டிக்கு வாங்கினாள். அவன் பிடித்த இரண்டு மாட்டுக்கும் கிடைத்தது ஓர் எவர்சில்வர் அண்டாவும் ஒரு கட்டிலும். கட்டிலிலே படுத்திருந்தான், அண்டாவை அடகு வைத்தனர். குத்திய மாட்டுக்கோ அன்று களத்திலே சிறந்த காளை என்று பரிசு! மாட்டுக்கா பரிசு? மாட்டுக்காரருக்கு.

"அப்படியானால் ஏனடா போனாய்?" என்று அவனைக் கேட்டோம். "சார், அந்த ஒரு நொடி யாரும் எனக்கு மேலே இல்லை" என்றான். இந்த விடையைத் தள்ளிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. ஆண்டு முழுவதும் முதலாளிக்கு முன்னும் கடன்காரனுக்கு முன்னும் குனிந்து நிற்கும் ஒருவன், ஆயிரம் கண் பார்க்க நிமிர்ந்து நிற்கும் நொடி அது. அதைப் பைத்தியம் என்று சொல்லுவது எளிது. வேறெங்கும் அவனை நிமிர விடாத நாம் அதைச் சொல்லலாமா?

பயனற்ற அஞ்சாமை வீண் என்பாரும் உளர். கிணற்றிலே விழுந்த குழந்தைக்காகக் குதிப்பவன் வீரன். மாட்டின்மேல் விழுபவன் மடையன் என்பது அவர் கணக்கு. 1953-இலே டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட்டிலே ஏறினரே, எந்தக் குழந்தையைக் காக்க? மனிதன் தன் உடலின் எல்லையைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறான். அந்த விருப்பம் இழிந்ததன்று. ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. எவரெஸ்ட் எவனுடைய கௌரவமுமன்று. ஏறியவனே ஆபத்தையும் ஏற்றான், புகழையும் பெற்றான். வாடியிலே அப்படியா? அங்கே காளை ஒருவருடைய செல்வாக்கு. ஓர் ஊரின் மானம். சில இடங்களிலே ஒரு சாதியின் மீசை! அதைக் காக்கவோ கவிழ்க்கவோ இறங்குபவன் மட்டும் ஏழை.

வத்தலக்குண்டு மண்ணிலே வளர்ந்த சி. சு. செல்லப்பா 1959-இலே வெளியிட்ட 'வாடிவாசல்' என்னும் குறுநாவலைப் படிக்காத இளைஞர் இருந்தால் உடனே படிக்கவேண்டும். தந்தையைக் குத்திய ஜமீன்தாரின் காரிக் காளையை அடக்க வருகிறான் பிச்சி. அடக்கியும் விடுகிறான், குருதி சிந்தி. பரிசு கிடைக்கிறது, பாராட்டும் கிடைக்கிறது. காளை? தோற்ற வெறியிலே திரிந்த அதனை ஜமீன்தார் தம் கையாலேயே சுட்டுக் கொன்றுவிடுகிறார். பலரும் பிச்சியின் வீரத்தைப் பேசுவர். நமக்கோ அந்தத் துப்பாக்கியே கண்ணிலே நிற்கிறது. பல ஆண்டு ஊட்டி வளர்த்த மாடு, ஒருமுறை பிடிபட்டதும் சுடத்தக்கதாகிவிட்டது! ஏன்? அவர் வளர்த்தது மாட்டையன்று, தம் திமிரை. அதைத் திமிலாக்கி நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். கூர்ந்து பார்த்தால் பிச்சியும் காரியும் எதிரெதிர்க் கட்சியல்லர். இருவரும் களத்திலே குருதி சிந்தினர். களத்துக்கு வெளியே ஒருவர் அமர்ந்திருந்தார்.

ஜமீன் ஒழிந்தது; அந்த நாற்காலி ஒழிந்ததா? வாடி திறக்குமுன் ஒலிபெருக்கியிலே ஊர்ப்பெயர் வருகிறது, உரிமையாளர் பெயர் வருகிறது, அந்தப் பெயரின் வாலிலே சாதிப் பட்டமும் வருவதை நாமே காதாரக் கேட்டிருக்கிறோம். மாட்டுக்குச் சாதி! முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு என்று அடிதடி. பறை முழக்கவும் களத்தைக் கூட்டவும் அழைக்கப்பட்டோர், மாட்டைத் தொடுவதற்கு மட்டும் உரிமையற்றோராக வைக்கப்பட்ட ஊர்கள் உண்டு. விழாக் குழுவிலே எங்களுக்கு இடமில்லையா என்ற வழக்குகள் நீதிமன்ற வாயில்வரை சென்றிருக்கின்றன. தமிழர் வீரம் என்று முழங்குகிறோமே, அந்தத் தமிழர் யார்? திமிலைப் பற்றும் கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று மாடு கேட்கிறதா? மாட்டுக்கு இருக்கும் அறிவு மாட்டுக்காரருக்கு வரவேண்டாமா? இணையவழிப் பதிவும் வரிசை எண்ணும் வந்த பிறகு நிலை ஓரளவு மாறியிருக்கிறது. எண் கேட்குமே தவிரச் சாதி கேட்காது அந்தப் பொறி. ஆயினும் பதிவு செய்தபின் வாடிக்கு உள்ளே விடுவது பொறியன்று, மனிதர்.

நாட்டு மாட்டினம் காக்கப்படுகிறதே என்ற வாதத்தையும் தொட்டுச் செல்வோம். உழவு இயந்திரம் வந்தபின் காளைக்கன்றுக்கு வேலையில்லை. சல்லிக்கட்டு இல்லையேல் புலிக்குளம் மாடு இறைச்சிக் கடைக்கே போகும் என்பர். இதிலே உண்மை இருக்கிறது. ஏழைக் கிழவி ஒருத்தி, தான் கஞ்சி குடித்துவிட்டுக் காளைக்குப் பேரீச்சம்பழம் வைக்கும் வீடுகளை நாம் அறிவோம். அந்த அன்பு பொய்யன்று. ஆனால் காப்பாற்றுகிறோம் என்பதனாலே கொடுமை செய்யும் உரிமை வந்துவிடாது. மகனை வளர்த்த தந்தைக்கு மகனை அடிமையாக விற்கும் உரிமை இல்லாததுபோல. வளர்க்கிறவர் அன்புடையவராயின், மிளகாய்ப் பொடிக்காரனைக் காட்டிக்கொடுப்பதிலே அவரே முதல்வராக நிற்கவேண்டும்.

மாட்டின் இசைவைக் கேட்டுக் களத்திலே விட முடியாது. இது உண்மையான இடர்ப்பாடு. உழவிலே கட்டியபோதும் கேட்கவில்லை, வண்டியிலே பூட்டியபோதும் கேட்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அங்கே உணவு விளைந்தது, இங்கே விளைவது கைத்தட்டல். ஆகவே உழவிலே பொறுக்கத்தக்க துன்பமும் இங்கே பொறுக்கத்தக்கதன்று. மாட்டுக்கு ஓட வழி இருக்கவேண்டும். அது ஓடினால் தோல்வி என்று ஏளனம் செய்யாதிருக்கவேண்டும். விதிமுறை இன்று என்ன சொல்லுகிறது? ஒரு நேரத்தில் ஒருவர், திமிலை மட்டும் பற்றவேண்டும். 15 மீட்டர், அல்லது 30 நொடி, அல்லது 3 துள்ளல். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே வாடி. தரையிலே தேங்காய் நார்க்கழிவு பரப்பவேண்டும். தாளிலே நன்றாகத்தான் இருக்கிறது. மரபு கெட்டது என்று எவரும் இந்த விதிகளைக் கண்டு அழவில்லை. தொலைக்காட்சி நிற்கும் பெரிய களங்களிலே இவை பெரும்பாலும் நடக்கின்றன. ஒளிப்படக் கருவி போகாத சிற்றூரிலே, மாலை மங்கியபின், கடைசி நாற்பது மாடு அவிழும்போது பாருங்கள்!

அங்கே பார்க்க நிற்பவர்கள் நாம். வேலிக்கு வெளியே, மாட்டைச் சேர்க்குமிடத்திலே, சிறுவனைத் தோளிலே தூக்கிக்கொண்டு நிற்கிறோம். களத்துக்கு உள்ளே இறங்கியவன் விரும்பி இறங்கினான். தோளிலே இருக்கும் சிறுவன் எதற்கு விரும்பினான்? முட்டுப்பட்டுச் சாவோரில் வேடிக்கை பார்க்கச் சென்றவரும், மாட்டைப் பிடித்துக் கட்டச் சென்ற உரிமையாளர் வீட்டாரும் ஆண்டுதோறும் இருக்கின்றனர். அவர்களை எந்தப் பாட்டும் பாடாது. சில சாவுகளுக்கு அரசினர் நிவாரண நிதி வழங்குகின்றனர். சாகாமல் ஏழு மாதம் படுத்திருப்பவனுக்கு அது எட்டுவதில்லை.

எனவே நம் பக்கத்து விழாக் குழுவினர்க்கு எழுதிக் கேட்பதென்று, நம் ஊர் இளைஞர் மன்றத்திலே முடிவு செய்திருக்கிறோம். பரிசுப் பொருளுக்கென்று திரட்டும் நன்கொடையிலே ஒரு பங்கை வாடி திறக்குமுன்னரே தனியே வைக்கவேண்டும். அது சாவுக்கு மட்டுமின்றி, காயம்பட்டு வேலையிழந்த மாதங்களுக்கும் கூலியாகப் போகவேண்டும். ஒலிபெருக்கியிலே ஊரும் பெயரும் போதும், பட்டம் வேண்டாம். மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு மாடும் அவிழக்கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவன் பெயரைப் பட்டியலிலே ஏற்றக்கூடாது. அதற்குப் பள்ளிச் சான்று வேண்டுமென்றால், தருவதற்கு நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.